ஒரே பள்ளிக்கு நான்கு பொட்டு

கேள்வி: பள்ளிகளில் நாடகம் சொல்லிக்கொடுக்கும் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்றை நடத்துகிறேன். முழுநேர ஊழியர்கள் 3 பேர், வகுப்புக் கணக்கில் பணம் வாங்கும் கலைஞர்கள் 8 பேர். ஓவியம், இசை, நடனம், பொம்மலாட்டம் சொல்லித்தரும் வேறு 4 நிறுவனங்களோடு சேர்ந்து போன வருடம் ஒரு கூட்டமைப்பு தொடங்கினோம். பெயர் வைத்தோம், லோகோ போட்டோம், மாதம் தவறாமல் கூடுகிறோம். பள்ளிகளில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. எங்களில் பெரிய நிறுவனம்தான் எல்லாவற்றிலும் முன்னால் நிற்கிறது. நாங்கள் எடுத்த வகுப்பின் படம் அவர்களுடைய ஆண்டறிக்கையில் வந்திருக்கிறது. இப்போது ஓர் அறக்கட்டளை, "தனித்தனியாக வராதீர்கள், ஐந்து பேரும் சேர்ந்து ஒரே விண்ணப்பமாகக் கொடுங்கள்" என்கிறது. 6 வாரம்தான் இருக்கிறது. கூட்டமைப்பைத் தனி அமைப்பாகப் பதிவு செய்துவிட்டால் சரியாகுமா? இல்லை, விலகிவிடுவதுதான் நல்லதா?

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

பதிவு செய்ய வேண்டாம். விலகவும் வேண்டாம், இப்போதைக்கு.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சேர்ந்து என்னென்ன செய்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. உங்கள் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு பள்ளி, ஒரு தேதி, ஒரு நன்கொடையாளரிடம் தனியாகப் போய்க் கேட்கும் உரிமை, இப்படி ஏதோ ஒன்றை யாராவது ஒருவர் கையிலிருந்து விடும்வரை, மாதக்கூட்டத்தில் தேநீர் ஆறுவதைத் தவிர எதுவும் நடக்காது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் ஒருங்கிணைப்பாளராக இருந்த ஒரு கூட்டமைப்பில் முதல் 7 மாதம் நோக்க அறிக்கை எழுதுவதிலேயே போனது. முதல் வரியில் 'கலை' வரவேண்டுமா 'குழந்தை' வரவேண்டுமா என்று ஒரு முழு மதியம் வாதாடியிருக்கிறோம். எட்டாவது மாதம், அலுத்துப்போன ஒருவர் சுவரில் பெரிய தாளை ஒட்டி, நாங்கள் வேலை செய்த பகுதியின் 41 பள்ளிகளையும் வரிசையாக எழுதினார். ஆளுக்கொரு நிறத்தில் வட்ட ஸ்டிக்கர் கொடுத்து, "நீங்கள் போகிற பள்ளிக்கு நேரே பொட்டு வையுங்கள்" என்றார். பத்து நிமிட வேலை. பெரிய சாலையை ஒட்டிய பள்ளிகளுக்கு மூன்று பொட்டு, சிலதற்கு நான்கு. தாளின் கீழ்ப்பாதியில் 18 பள்ளிகளுக்கு நேரே ஒன்றுமே இல்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு இசைக்குழுவை நடத்தும் அம்மா எழுந்துபோய், நான்கு பொட்டு இருந்த ஒரு பள்ளியிலிருந்து தன் பச்சைப் பொட்டை நகத்தால் உரித்தெடுத்துக் கீழே ஒட்டினார். உரித்த இடத்தில் தாள் கிழிந்து, பள்ளியின் பெயரில் பாதி போய்விட்டது. எங்கள் கூட்டமைப்பு தொடங்கிய நாள் எது என்று கேட்டால் நான் அந்த நாளைத்தான் சொல்வேன்.

எல்லோரும் ஏன் அந்த நான்கு பொட்டுப் பள்ளிக்கே போனோம்? அங்கே தலைமையாசிரியர் நல்லவர், போனால் வரவேற்பார். பேருந்து வசதி உண்டு. நிதி கொடுப்பவரை அழைத்துப்போய்க் காட்டலாம், படம் நன்றாக வரும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவர் முடிவும் நியாயமானது. எல்லாவற்றையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்தால்தான் அதன் அபத்தம் தெரிகிறது.

இது எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன், சிகாகோ, டல்லஸ், நியூயார்க் உட்பட 6 இடங்களில் பள்ளிகளும் கலை நிறுவனங்களும் சேர்ந்து எடுத்த முயற்சிகளை ராண்ட் ஆய்வு நிறுவனம் 2008இல் ஓர் அறிக்கையில் ஒப்பிட்டுப் பார்த்தது. அவர்கள் கையாண்ட வழிகளில், எந்தப் பள்ளியில் என்ன கலைக்கல்வி இருக்கிறது என்று கணக்கெடுப்பதும் ஒன்று. இத்தகைய ஒருங்கிணைப்பு எளிதில் உடையக்கூடியது என்பதையும் அந்த அறிக்கை மறைக்கவில்லை. சிகாகோவில் இன்ஜெனூயிட்டி (Ingenuity) என்ற அமைப்பு 'ஆர்ட்லுக்' என்ற பெயரில் இணைய வரைபடமே வைத்திருக்கிறது. ஒரு பள்ளியைத் தொட்டால் அங்கே கலை ஆசிரியர் உண்டா, வெளியிலிருந்து யார் வருகிறார்கள் என்று தெரியும். உங்களுக்கு வரைபடம் எல்லாம் வேண்டாம், ஒரு எக்செல் தாள் போதும்.

ஆனால் வெறும் பொட்டு பொய் சொல்லும், எச்சரிக்கை. ஒருநாள் பயிற்சிப் பட்டறைக்கும் பொட்டு, வருடம் முழுக்க வாராவாரம் நடக்கும் வகுப்புக்கும் அதே பொட்டு என்றால் கணக்கு கெட்டுவிடும். எத்தனையாவது வகுப்பு, எத்தனை வாரம், வாரத்துக்கு எத்தனை நிமிடம், அந்தப் பள்ளியில் நிரந்தரக் கலை ஆசிரியர் இருக்கிறாரா, இந்த நான்கும் அவசியம் வேண்டும். பாஸ்டனில் 2009இல் தொடங்கிய முயற்சியில் எட்டாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளுக்கான இலக்கை, வருடம் முழுக்க வாரம் ஒரு கலை வகுப்பு என்று வைத்துக்கொண்டார்கள். இப்படி எண்ணிப் பார்க்கக்கூடிய இலக்கு ஒன்று இருந்தால் நோக்க அறிக்கையை யாராவது ஒருவர் வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்துவிடலாம்.

நிரந்தரக் கலை ஆசிரியரைப் பற்றிக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் துறையில் பலரும் பேசத் தயங்கும் விஷயம் இது. இலவசமாக ஐந்து நிறுவனங்கள் வாசலில் வந்து நிற்கும்போது, காலியான ஓவிய ஆசிரியர் பணியிடத்தை நிரப்ப நிர்வாகத்துக்கு என்ன அவசரம்? நாம் நல்ல மனதோடு போய், நிரந்தரமாக இருந்திருக்க வேண்டிய ஒரு சம்பளத்தைத் துடைத்துவிட்டு வருகிறோம். தனி நிறுவனமாக இதைத் தட்டிக்கேட்க முடியாது. கேட்டால், 'சரி, நீங்கள் வராதீர்கள், வேறு ஆள் இருக்கிறார்கள்' என்பார்கள். ஐந்து பேரும் ஒரே குரலில், 'பணியிடம் உள்ள பள்ளியில் ஆசிரியரோடு சேர்ந்து வேலை செய்வோம், அவருக்குப் பதிலாக அல்ல' என்றால் எடை வேறு. ஒரு கூட்டமைப்பால் மட்டுமே செய்ய முடிகிற வேலை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

இனி பள்ளியின் பக்கத்திலிருந்து பாருங்கள். நான்கு பொட்டுப் பள்ளியின் தலைமையாசிரியை ஒருமுறை மேசை இழுப்பறையைத் திறந்து என்னிடம் காட்டினார். நான்கு நிறுவனங்களின் நான்கு பெற்றோர் ஒப்புதல் படிவம். நான்கு விதமான மதிப்பீட்டுத் தாள், அதில் ஒன்றைத் தலைகீழாக அச்சடித்திருந்தார்கள். ஒரே வியாழக்கிழமை மூன்றாவது பாடவேளைக்கு இரண்டு பேர் அனுமதி வாங்கியிருந்தோம். "நீங்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்தானே?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த பருவத்துக்குள் ஒரே ஒப்புதல் படிவம், ஒரே நாள்காட்டி, பள்ளி பேசவேண்டிய ஒரே ஆள் என்று மாற்றினோம். பள்ளிகள் எங்களை ஒரு கூட்டமைப்பாகப் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான். லோகோவை யாரும் கவனித்ததாக நினைவில்லை.

குழந்தைப் பாதுகாப்பு விதிகளையும் அதே வேகத்தில் ஒன்றாக்கிவிடுங்கள். கலைஞர்களின் பின்னணியைச் சரிபார்ப்பது, குழந்தையோடு தனியறையில் இருக்கக் கூடாது என்பது, புகார் வந்தால் யார் எத்தனை மணி நேரத்துக்குள் என்ன செய்வது. ஐவரில் ஒருவர் தவறினாலும் ஐவரும் வெளியே போகவேண்டியிருக்கும். இதற்கு விவாதம் தேவையில்லை. இருப்பதில் கடுமையான விதி யாருடையதோ அதையே எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிவு விஷயத்துக்கு வருகிறேன். தனி அமைப்பு என்றால் தனி நிர்வாகக் குழு, தனி வங்கிக் கணக்கு, தனி ஆடிட்டர். அதைவிட மோசம், அந்த ஆறாவது அமைப்புக்கும் சோறு போட வேண்டும். அது உங்கள் ஐவரும் போகும் அதே நன்கொடையாளர்களிடம் ஆறாவது ஆளாகப் போய் நிற்கும். இரண்டு வருடம் ஒன்றாக வேலை செய்து, பணத்தில் சண்டை போட்டு, சமாதானமான பிறகு வேண்டுமானால் பதிவைப் பற்றி யோசியுங்கள். இப்போதைக்கு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தமும், பணத்தை வாங்கி வைத்துப் பிரித்துத்தரும் ஒரு நிறுவனமும் போதும்.

அந்தப் பணம் வாங்கும் நிறுவனம் உங்கள் பெரியண்ணனாகத்தான் இருக்கும். கணக்கும் தணிக்கையும் ஒழுங்காக வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். ஆகவே ஒப்பந்தம் அங்கே கெட்டியாக இருக்க வேண்டும். நான் பார்த்த ஒரு கூட்டு முயற்சியில், முன்னணி நிறுவனத்தின் கணக்கில் பணம் வந்து 5 மாதம் படுத்திருந்தது. திருட்டு இல்லை. 'உள் ஒப்புதல் ஆகவில்லை' என்றார்கள், அவ்வளவுதான். அந்த 5 மாதமும் சிறிய நிறுவனங்களின் கலைஞர்கள் கடன் வாங்கி வகுப்புக்குப் போய்வந்தார்கள். இரண்டு பேர் வேலையையே விட்டுப் போனார்கள். பணம் வந்த எத்தனை நாளுக்குள் பிரித்துத்தர வேண்டும், நிர்வாகச் செலவாக முன்னணி நிறுவனம் எத்தனை சதவீதம் எடுத்துக்கொள்ளலாம், கலைஞர் ஊதியம் முதலில் போகவேண்டும், வங்கிக் கணக்கு விவரத்தை யார் எப்போது கேட்டாலும் காட்டவேண்டும், ஒருவர் விலகினால் மீதிப் பணமும் அவர் நடத்திய பள்ளிகளும் யாரிடம் போகும். இவற்றை எழுதுங்கள். எழுதும்போது சங்கடமாகத்தான் இருக்கும். 'நமக்குள்ளே எதற்கு இதெல்லாம்' என்று ஒருவர் சொல்வார். அவரிடம்தான் முதலில் கையெழுத்து வாங்க வேண்டும்.

கலைஞர்களுக்கு ஒரே ஊதிய விகிதமும் வையுங்கள். ஒரே பள்ளியில் ஒரே மணி நேரத்துக்கு ஓவியருக்கு ஒரு தொகை, நாடகக்காரருக்கு அதில் பாதி என்றால் ஓய்வறையில் பேச்சு எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

பெரிய நிறுவனம் பெயர் எடுத்துக்கொள்வது பற்றி எழுதியிருந்தீர்கள். படம் விஷயம் எளிது. வகுப்பு எடுத்தவரின் பெயர் இல்லாமல் படம் போகக் கூடாது என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. கஷ்டமானது எண்ணிக்கை. நீங்கள் ஐவரும் ஒரே பள்ளியின் ஒரே 300 குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஆளுக்கு 300 என்று அறிக்கை எழுதினால் காகிதத்தில் 1,500 குழந்தைகள் ஆகிவிடுகிறார்கள். ஒரு குழந்தையை ஒருமுறைதான் எண்ணுவது என்று முடிவு செய்யுங்கள். இதற்குச் சம்மதித்தால் எல்லோருடைய ஆண்டறிக்கையும் இளைக்கும், பெரியவர்களுடையது அதிகமாக. அதனால்தான் அவர்கள் உண்மையில் உள்ளே இருக்கிறார்களா என்று இந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

அவர்கள் தரப்பையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்களுக்குத் திறக்காத கதவு அவர்களுக்குத் திறக்கிறது. பள்ளி நிர்வாகம் அவர்கள் தொலைபேசியை எடுக்கிறது. கூட்டத்துக்கு மாதம் ஒரு புது ஆளை அனுப்பி, எதைக் கேட்டாலும் 'மேலே கேட்டுச் சொல்கிறேன்' என்று அவர் சொல்வதாக இருந்தால் (பெரிய நிறுவனங்களில் இது வழக்கம்), கூட்டத்தில் மல்லுக்கட்டிப் பயனில்லை. அவர்கள் இயக்குநரை நீங்கள் தனியாகப் பாருங்கள். புகார் சொல்லப் போகாதீர்கள். "எங்கள் நாடக வகுப்பை இந்தப் பள்ளியில் நிறுத்திக்கொண்டு, யாருமே போகாத பள்ளிக்கு மாற்றப் போகிறோம். நீங்கள் எதை மாற்றுவீர்கள்? முடிவெடுக்கக்கூடிய ஒருவரை அடுத்த கூட்டத்துக்கு அனுப்ப முடியுமா?" என்று மட்டும் கேளுங்கள்.

ஐந்து பேர் என்பது உங்களுக்கு வரம். அறக்கட்டளை இன்னும் பத்துப் பேரைச் சேர்க்கச் சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள். குழு பெரிதாகப் பெரிதாக, அடுத்தவர் உழைப்பில் குளிர்காய்வது சுலபமாகிவிடும் என்று பொருளாதார அறிஞர் மான்சர் ஓல்சன் 1965லேயே விளக்கிவிட்டார். ஐந்து பேரில் ஒருவர் வேலை செய்யாவிட்டால் நான்கு பேருக்கும் தெரியும். பதினைந்தில் தெரியாது.

விண்ணப்பத்தைப் பற்றி. சம்பளம் வாங்கும் ஒருங்கிணைப்பாளர் ஒருவர், குறைந்தது அரைநேரமாவது, பட்ஜெட்டில் இருக்க வேண்டும். தொண்டுத் துறை ஆலோசகர்களான ஜான் கானியா, மார்க் கிராமர் இருவரும் 2011இல் எழுதிய கட்டுரை ஒன்று கூட்டு முயற்சிகளுக்கு 5 நிபந்தனைகளைச் சொன்னது. பொதுவான செயல்திட்டம், ஒரே அளவுகோல், ஒன்றுக்கொன்று துணைநிற்கும் வேலைகள், இடைவிடாத தொடர்பு, ஐந்தாவதாக முதுகெலும்பு போல நிற்கும் ஓர் அமைப்பு. மேலே இருந்து எல்லாவற்றையும் வகுத்துக் கொடுக்கும் வழி என்று அந்தக் கட்டுரையை விமர்சிப்பவர்களும் உண்டு, எனக்கும் அதில் சில மனவருத்தங்கள் இருக்கின்றன. ஆனால் அந்த ஐந்தாவது புள்ளியில், தனி அமைப்பு இல்லாவிட்டாலும் ஒருங்கிணைப்பதற்கென்றே ஓர் ஆள் வேண்டும் என்பதில், மறுபேச்சில்லை. எல்லோரும் தங்கள் வேலை போக மீதி நேரத்தில் ஒருங்கிணைப்பது என்றால், அந்த மீதி நேரம் வரவே வராது. ஒருங்கிணைப்பாளரின் சம்பளம் பெரிய நிறுவனத்தின் வழியாகப் போகலாம். தேர்வு மட்டும் ஐவரும் சேர்ந்து செய்யுங்கள். அறக்கட்டளை 'வகுப்புக்கு மட்டும்தான் பணம், ஒருங்கிணைப்புக்கு இல்லை' என்றால் அந்தப் பணத்தை நான் வாங்கமாட்டேன். சேர்ந்து வாருங்கள் என்று சொல்லிவிட்டு, சேர்வதற்கு ஆகும் செலவை ஏற்க மறுப்பது எந்த ஊர் நியாயம்?

அளவைச் சிறிதாக வையுங்கள். பொட்டு இல்லாத பள்ளிகளிலிருந்து ஐந்தோ ஆறோ, ஒரு வருடம், வாரம் ஒரு வகுப்பு. 6 வாரத்தில் இதற்கு மேல் நேர்மையாகத் திட்டமிட முடியாது.

பயன் என்று என்ன எழுதுவது? கணக்கில் மதிப்பெண் ஏறும் என்று எழுத யாராவது ஆசைப்படுவார்கள், விடாதீர்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் பள்ளிகளையும் கலை நிறுவனங்களையும் இணைத்த ஒரு திட்டத்தை, 42 பள்ளிகளில் 10,548 மாணவர்களை வைத்து, எந்தப் பள்ளிக்குத் திட்டம் என்பதைக் குலுக்கலில் தீர்மானித்து ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2019இல் வெளியாயின. ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான மாணவர்களின் விகிதம் 3.6 சதவீதப் புள்ளி குறைந்தது. எழுதும் திறனுக்கான தேர்வில் மதிப்பெண் கூடியது, பிறர்மேல் பரிவும் கூடியது. கணிதம், வாசிப்பு, அறிவியல் மூன்றிலும் குறிப்பிடும்படியான மாற்றம் தெரியவில்லை. இந்தத் துறையில் இவ்வளவு திடமான சான்று அபூர்வம், அதையே அப்படியே எழுதுங்கள். கிடைக்காததை வாக்குக் கொடுத்தால், இரண்டாம் வருடம் அந்த அறக்கட்டளை உங்களிடம் கேட்கப்போவது கணக்கு மதிப்பெண் பட்டியலைத்தான்.

விலகுவதா என்ற கேள்விக்கு இரண்டு கூட்டம் அவகாசம் கொடுங்கள். முதல் கூட்டத்தில் தாளை ஒட்டுங்கள். இரண்டாவது கூட்டம் முடியும்போதும் ஒருவர்கூடத் தன் பொட்டை நகர்த்தவில்லை என்றால், மரியாதையாக ஒரு கடிதம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடலாம். வந்தாலும் பொம்மலாட்டக்காரர்களை விடாதீர்கள். நாடகமும் பொம்மலாட்டமும் ஒரே கதையை, ஒரே வாரத்தில், ஒரே வகுப்பில் எடுக்க முடியும். இரண்டு பேர் நாள்காட்டியைப் பகிர்ந்துகொண்டு வேலை செய்வதற்கு லோகோ கட்டாயமில்லை.

முதல் பொட்டை நகர்த்த வேண்டியது நீங்கள்தான். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பெரிய நிறுவனத்தின் புது ஆள் உட்பட. பல வருடமாகப் போய்வரும், போனால் குழந்தைகள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்ளும் ஒரு பள்ளி உங்களுக்கும் இருக்கும். அங்கே ஏற்கெனவே மூன்று பொட்டு இருந்தால், அதைத்தான் விடவேண்டியிருக்கும். கல்வியாண்டு நடுவில் விடாதீர்கள். வருடக் கடைசி நிகழ்ச்சியை முடித்து, யாரிடம் ஒப்படைக்கிறீர்களோ அவரைக் கையோடு அழைத்துப்போய் குழந்தைகளுக்கு அறிமுகம் செய்துவிட்டு விடுங்கள். ஸ்டிக்கர் வாங்கும்போது, உரித்தால் தாளோடு கிழிந்து வராத வகையாகப் பார்த்து வாங்குங்கள்.